6 படகு, 2,000 டன், 3 வருஷம்: வாட்ஜ் திட்டில் நடந்த பங்கீடு

2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயம். திருநெல்வேலிக் கடற்கரை உவரியில் டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், "பாத்தியளா, கச்சத்தீவக் குடுத்துட்டு வாட்ஜ் பேங்க வாங்கிருக்கோமாம், நமக்கு லாபந்தான்" என்றார். பக்கத்தில் என் மாமா. அம்மாவின் தம்பி, வயசு 75 ஆகிவிட்டது, கடலுக்குப் போவதை விட்டு ரொம்ப வருஷம் ஆகிறது, ஆனாலும் விடிவதற்கு முன்னால் கரைக்கு வந்து எந்த வள்ளத்தில் என்ன மீன், ஏலம் எவ்வளவுக்குப் போனது என்று பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மருமவனே, குடுத்தவன் யாரு, வாங்குனவன் யாரு? அதுல நான் தூண்டி போட்டுக்கிட்டுல்லா இருந்தேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் 1974, 1976 ஒப்பந்தங்களை உட்கார்ந்து படித்தேன். கச்சத்தீவைப் பற்றி நம் ஊரில் பேசாத வாய் இல்லை. வாட்ஜ் திட்டில், அதாவது அந்த வாட்ஜ் பேங்கில், இரண்டு நாடுகள் எப்படிப் பங்கு போட்டுக்கொண்டு பிரிந்தன என்பதைப் பற்றித்தான் பேச்சே கிடையாது. எனக்கென்னவோ அதில்தான் விஷயம் இருக்கிறது.

இடம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்கடியில் அகலமாக நீண்டு கிடக்கும் மேடு அது, சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கடல் அடித்துக் கலக்கும்போது அடியில் கிடக்கும் சத்தெல்லாம் மேலே வரும், மீன் அங்கே வந்து மேயும். விளமீன், கலவா, பாறை, திருக்கை, சீலா, கணவாய் என்று எல்லாம் உண்டு. கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி என்று நம் கரையிலிருந்து பாய் விரித்துப் போன காலத்தில் அந்தத் திட்டின் இந்தப்பக்கத்து ஓரங்களுக்குத்தான் ஆள் போவான். மகேந்திரகிரி முகடு எந்தத் தேரி மணல்மேட்டுக்கு நேராக வருகிறது என்று பார்த்து, அதை வைத்துத்தான் பார், அதாவது மீன் அண்டும் கடலடிப் பாறை, இருக்கும் இடம் பிடிப்பார்கள். மலை மறைந்துவிட்டால் தூரம் வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

மாமா சொல்கிற இன்னொரு அடையாளம், ராத்திரியில் தெற்கே தெரியும் விளக்கு. "சிலோன் போட்டு" என்பார்களாம். இவர்கள் வள்ளத்தில் அரிக்கேன் விளக்கு ஒன்று. அங்கே இரும்புக் கப்பலில் வரிசையாக லைட். யாரும் யாரையும் விரட்டியதில்லை. அவன் அடிமடி என்கிற, கடலடியை வாரும் இழுவை வலையை இழுத்தான், இவர்கள் தூண்டில் போட்டார்கள். சிலோன்காரன் ஏன் இங்கே வந்தான் என்று மாமா அந்த வயதில் யோசிக்கவே இல்லையாம். கடல்தானே, வந்தான்.

வந்தது நேற்று இன்றல்ல. 1920-களின் தொடக்கத்திலேயே 'லில்லா' என்ற ஆய்வுக் கப்பலை விட்டு இந்தத் திட்டை அளந்து பார்த்தது அன்றைய இலங்கை அரசு. அதன் பின்னால் இழுவைக் கப்பல்கள் கொழும்பிலிருந்து இங்கே வந்து மீன் பிடித்துப் போவது வழக்கமாகிவிட்டது. அப்போது கரையை ஒட்டிய கொஞ்சத் தூரம் போக மிச்சக் கடல் யாருக்கும் சொந்தமில்லை. ஆக இலங்கைக்கு வாட்ஜ் திட்டில் ஐம்பது வருஷப் பழக்கம் இருந்தது. 'பாரம்பரிய உரிமை' என்று நாம் பாக் நீரிணையில் கேட்கிறோமே, அதையே அவர்கள் இங்கே கேட்டிருக்க முடியும். இதை நம்மூர் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

1970-களில் உலகம் முழுக்க 200 கடல் மைல் பேச்சு வந்தது. 200 மைல்வரை மீனும் கனிமமும் கரைநாட்டுக்கே சொந்தம் என்றால் பக்கத்துப் பக்கத்து நாடுகள் நடுவில் கோடு போட்டாக வேண்டும். 1974 ஜூனில் பாக் நீரிணைக்கு ஒரு ஒப்பந்தம், கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது அதில்தான். 1976 மார்ச் 23-ல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இன்னொன்று. இரண்டாவதோடு சேர்த்து இந்திய வெளியுறவுச் செயலாளர் கேவல் சிங்கும் இலங்கைச் செயலாளர் டபிள்யூ. டி. ஜயசிங்கவும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். தேதியைக் கவனியுங்கள். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருக்கிறது, ஜனவரி 31-ல்தான் திமுக ஆட்சியைக் கலைத்திருக்கிறார்கள், தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை. 'குடுத்தவன் யாரு' என்ற மாமாவின் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது.

அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நம் ஊர்க் குளத்து மீன்பாசிக் குத்தகை. தாமிரபரணிக் கால்வாய்க் குளங்களில் தண்ணீர் குறையும்போது மீனைக் குத்தகைக்கு விடுவார்களே, எந்தக் குளம், எத்தனை நாள், யார் பேரில், மடை திறந்தால் என்ன, எல்லாம் முன்கூட்டியே பேசிவிடுவார்கள். பேசாமல் விட்டால் கடைசி நாளில் வெட்டுக்குத்துதான். 1976 கடிதம் அந்த மாதிரி ஒரு குத்தகைச் சீட்டு.

வாட்ஜ் திட்டு இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள், அதாவது அந்த 200 மைல் பரப்புக்குள், வருகிறது, வளமெல்லாம் இந்தியாவுக்கே என்று முதலில் சொல்லிவிடுகிறார்கள். அதில் இரண்டு பேச்சு இல்லை. அப்புறம் சலுகை. இந்தியா தன் மண்டலத்தை அறிவிக்கும் நாளிலிருந்து 3 வருஷத்துக்கு, இந்திய அரசிடம் உரிமம் வாங்கிய இலங்கைப் படகுகள் அங்கே மீன் பிடிக்கலாம். படகு 6-க்கு மேல் கூடாது. பிடிப்பது வருஷத்துக்கு 2,000 டன்னுக்கு மேல் கூடாது. படகு இலங்கை அரசுக்கோ, இலங்கைக் கம்பெனிக்கோ, அந்நாட்டுக் குடிமக்களுக்கோ சொந்தமானதாக இருக்கவேண்டும், அதாவது மூன்றாம் நாட்டுக்காரன் இலங்கைக் கொடியை மாட்டிக்கொண்டு வர முடியாது. 3 வருஷம் முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய பிறகு இலங்கை கேட்டால் 5 வருஷத்துக்கு வருஷம் 2,000 டன் மீனை இந்தியா விலைக்குத் தரும், என்ன மீன் என்ன விலை என்பதை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியது.

கடைசி வரியைத்தான் நான் ரெண்டு தரம் படித்தேன். எழுதியவன் வயிற்றை நினைத்து எழுதியிருக்கிறான். அந்த மீனைச் சாப்பிட்டுப் பழகியவன் ஒருத்தன் அந்தக் கரையில் இருக்கிறான், கப்பலை நிறுத்தினாலும் அவன் சட்டியில் மீன் விழவேண்டும் என்ற யோசனை அதில் இருக்கிறது. கடலில் இறங்கும் உரிமை வேறு, மீன் கிடைப்பது வேறு என்று பிரித்துவிட்டார்கள்.

இந்தியா 1977 ஜனவரி 15-ல் மண்டலத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து மூன்று வருஷம் எண்ணினால் 1980 ஜனவரி. அதோடு சரி. சிலோன் போட்டு விளக்கு தெரியாமல் போனது. துப்பாக்கி வெடிக்கவில்லை, யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை, எந்தத் தேர்தலிலும் இது பிரச்சினை ஆகவில்லை. 2024-ல் 'கொடுத்து வாங்கினோம்' என்று கிளப்பியதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை: 1976 கடிதத்தில் கச்சத்தீவு என்ற சொல்லே கிடையாது. பேச்சுவார்த்தை மேசையில் பேரம் இருந்திருக்கலாம், எந்த மேசையில்தான் இல்லை. காகிதத்தில் அப்படி ஒரு பண்டமாற்று எழுதப்படவில்லை.

அதே கடிதத்தின் முந்தின பத்தி

இப்போது எனக்கு வயிற்றெரிச்சலான இடம். வாட்ஜ் திட்டுக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதிய அதே கடிதத்தில், அதற்கு முந்தின பத்தியில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்று மொட்டையாக ஒரு வரி. எத்தனை படகு, எத்தனை வருஷம், மாற்றுவழி என்ன, ஒன்றும் இல்லை. இராமேஸ்வரத்துக்காரனும் யாழ்ப்பாணத்துக்காரனும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து மீன் பிடித்த கடலுக்கு ஒரு வரி, கொழும்பிலிருந்து வந்த கம்பெனிக் கப்பல்களுக்கு ஒரு பக்கம்.

1974 ஒப்பந்தம் இன்னும் மோசம், அது வேறு விதத்தில். இந்திய மீனவரும் யாத்ரீகரும் கச்சத்தீவுக்கு 'இதுவரை போல' போய் வரலாம், பயணப் பத்திரம் வேண்டாம் என்று 5-ஆம் பிரிவு. இரு நாட்டுப் படகுகளும் பாரம்பரியமாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்று 6-ஆம் பிரிவு. கேட்க நன்றாக இருக்கிறது. 'இதுவரை போல' என்றால் எதுபோல? வலை காயப்போடுவதா, மீன் பிடிப்பதா, அந்தோணியார் திருவிழாவுக்குப் போய் மாலை போடுவதா? வலை உலர்த்தலாம், இளைப்பாறலாம், திருவிழாவுக்கு வரலாம், மீன் பிடிக்க முடியாது என்கிறது இலங்கை. டெல்லியும் பலமுறை அதையே சொல்லிவிட்டது. நம் ஆட்கள் 'பாரம்பரியம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். வழக்கம் என்று எழுதியது வழக்காகவே நின்றுவிட்டது, ஐம்பது வருஷம்.

சொல்லைப் பிடித்து வைத்து அர்த்தம் எழுதமுடியாதா என்றால், எழுதினவர்கள் இருக்கிறார்கள். அதே பத்தாண்டில், 1978-ல், ஆஸ்திரேலியாவும் பாப்புவா நியூ கினியாவும் டோரஸ் நீரிணைக்கு ஒரு ஒப்பந்தம் போட்டன. கடலடி நிலத்துக்கு ஒரு கோடு, மீனுக்கு வேறொரு கோடு. நடுவில் பாதுகாக்கப்பட்ட மண்டலம். பாரம்பரியக் குடிகள் என்றால் யார், பாரம்பரிய மீன்பிடி என்றால் எது என்று முதல் பிரிவிலேயே விளக்கிவிட்டு, அவர்கள் பாஸ்போர்ட் இல்லாமல் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் போகலாம் என்றார்கள். வணிகத்துக்குப் பிடிப்பதற்குப் பங்குக் கணக்கு தனி. அங்கும் புகைச்சல் இல்லாமல் இல்லை. ஆனால் சண்டை வந்தால் எடுத்துப் பார்க்க ஒரு சொல் இருக்கிறது.

நாங்கள் ஏன் யாழ்ப்பாணத்துக்காரன் பக்கம்

இதைச் சொன்னால் இராமேஸ்வரத்து நண்பர்கள் கோபப்படுவார்கள். பரவாயில்லை.

போன வருஷம் என் அத்தை மகன் வள்ளத்தில் பாதி வலையோடு வந்தான். ராத்திரி சிங்கி இறால் வலை விட்டுவிட்டுக் காலையில் எடுக்கப் போனால், அடையாளத்துக்கு மிதக்கவிடும் போயா ஒன்றைக் காணோம். தேடி எடுத்தபோது கயிறு பிரிபிரியாகத் தொங்குகிறது, மால் சுருண்டு கல்லும் பாசியும் சேர்ந்து ஒரு மூட்டையாகக் கிடக்கிறது. கத்தியால் அறுத்தால் முனை சீராக இருக்கும். இது தட்டுமடி, அதாவது பலகை கட்டிய இழுவை மடி, இழுத்த இழுப்பு. கரையில் அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தவன் ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை. அவன் வீட்டுக்காரி வந்து, "சரி எந்திரிங்க, சாப்பிட்டுப் பாத்துக்கலாம்" என்ற பிறகுதான் எழுந்தான். செய்தது இலங்கைக்காரன் இல்லை. பக்கத்துக் கடலிலிருந்து வந்த நம் நாட்டு விசைப்படகு. 1983-லேயே தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது, கரையோரம் நாட்டுப்படகுக்கு, அதற்கு வெளியேதான் விசைப்படகு. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, போயா கடலுக்கு அடியில் இருக்கிறது.

இதே கதையைத்தான் நெடுந்தீவிலும் பருத்தித்துறையிலும் சொல்கிறார்கள். போர் நடந்த வருஷங்களில் அவர்களைக் கடலுக்கே விடவில்லை. 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கி இறங்கினால் ராத்திரி இந்தப் பக்கத்து இழுவைப் படகுகள் வந்து வலையோடு வாரிக்கொண்டு போகின்றன. 2017-ல் இலங்கை அடிமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது, 2018-ல் வெளிநாட்டுப் படகுக்கான அபராதத்தைக் கோடிகளுக்கு ஏற்றியது. இலங்கைக் கடற்படை செய்வதை நான் நியாயப்படுத்த வரவில்லை. சுட்டுச் செத்தவர்கள் வீட்டுக்கு எந்த ஒப்பந்தமும் பதில் சொல்லாது. அத்தோடு வலையில் சிக்குவது எப்போதும் தட்டுமடிக்காரனாகவும் இருப்பதில்லை: 2024 ஆகஸ்டில் பிடித்துக்கொண்டு போன தூத்துக்குடிப் பக்கத்துத் தருவைகுளத்து 22 பேர் வழிவலைக்காரர்கள், தட்டுமடி இழுக்காதவர்கள், அவர்களில் பலருக்குப் புத்தளம் நீதிமன்றத்தில் கட்டவே முடியாத அபராதம். மறுபக்கம் இலங்கை நெடுநாள் படகுகளை நம் கடலோரக் காவல்படை பிடித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவருவதும் நடக்கிறது. மீனுக்குக் கோடு தெரியாது, அது போகிற பக்கம் படகும் போகிறது.

ஆனால் பங்கு கேட்கும்போது எந்த வலைக்குப் பங்கு கேட்கிறோம் என்பதை மறைக்கக்கூடாது. எங்கள் தாத்தா பாயும் தூண்டிலும் கொண்டுபோன உரிமையை 120 குதிரைத்திறன் எஞ்சினும் தட்டுமடியும் வாரிசாகப் பெற முடியுமா? எனக்குத் தெரிந்து நம் கரையில் வள்ளம் வைத்திருக்கும் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டான்.

விசித்திரம் என்னவென்றால், மீனவர்களே உட்கார்ந்து பேசியபோது 1976 கடிதத்தின் பாணியில்தான் வந்து நின்றார்கள். 2010 ஆகஸ்டில் இலங்கையிலிருந்து மீனவர் குழு ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்து பேசியது. ஓராண்டுக்குள் இலங்கைக் கடலில் இழுவை மடியை நிறுத்திவிடுகிறோம், அதுவரை 70 நாள் மட்டும் விடுங்கள், கரையிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறோம் என்று நம் பக்கம் ஒத்துக்கொண்டது. நாள் இருக்கிறது, கெடு இருக்கிறது, வலை எது என்று இருக்கிறது. இரண்டு அரசுகளும் அதைக் கையில் எடுக்கவில்லை. அப்புறம் 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும் பேச்சு, 2016-ல் கூட்டுப் பணிக்குழு. பேச்சுக்குக் குறைவில்லை.

சரி, வாட்ஜ் திட்டு மாதிரியே எழுதியிருந்தால் பாக் நீரிணை அமைதியாக இருந்திருக்குமா? நேர்மையாகச் சொன்னால், அவ்வளவு லேசாக இருந்திருக்காது. அங்கே 6 கப்பல், முதலாளி யார் என்று தெரியும், நிறுத்து என்றால் நிறுத்துவார்கள், வேலை போனவர்கள் கொஞ்சப் பேர். இங்கே ஆயிரக்கணக்கில் படகு, படகுக்குப் பின்னால் கடன், கடனுக்குப் பின்னால் ஏஜெண்ட், ஏற்றுமதிக் கம்பெனி. பாக் நீரிணை குறுகல், எஞ்சினைத் திருகினால் கொஞ்ச நேரத்தில் கோடு வந்துவிடும். இராமநாதபுரத்தில் வாரத்துக்கு 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று நாம் நமக்குள்ளேயே முறை வைத்திருக்கிறோம், வயலுக்குத் தண்ணீர் முறை வைத்த மாதிரி. அந்த முறையையே காப்பாற்றப் படாத பாடு. இருந்தாலும் 1976-ல் விசைப்படகுகள் இவ்வளவு பெருகியிருக்கவில்லை. எண்ணுவதற்கு அதுதான் நல்ல நேரம், எண்ணவில்லை.

வாட்ஜ் திட்டிலும் இன்று எல்லாம் சுகம் என்று நினைக்கவேண்டாம். வெளிநாட்டுக்காரன் போனான், உள்நாட்டுப் பங்காளிகள் வந்தார்கள். கிழக்குக் கரை விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலையில். திட்டோ இரண்டு கரைக்கும் நடுவில் கிடக்கிறது. ஒருத்தன் படகைக் கரையில் ஏற்றிப் பூச்சு அடித்துக்கொண்டிருக்கும்போது மற்றவன் அங்கே மடி இழுக்கிறான், அவன் நிறுத்தும்போது இவன் போகிறான். மீனுக்கு ஓய்வு எப்போது?

அந்தக் கடிதத்தில் நான் இதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஒரு பத்தி இருக்கிறது. அந்த 3 வருஷத்துக்குள் இந்தியா வாட்ஜ் திட்டில் எண்ணெய் தேட முடிவு செய்தால், எந்தெந்தப் பகுதியில், எந்தத் தேதியிலிருந்து என்பதை இலங்கைக்கு முன்கூட்டியே தெரிவிக்கும்; அந்தத் தேதியிலிருந்து இலங்கைப் படகுகள் அந்தப் பகுதியை விட்டு விலகிக்கொள்ளும். கொழும்பிலிருந்து வந்த 6 படகுக்கு எழுத்தில் நோட்டீஸ்.

அண்மையில் குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய்த் தொகுதிகளை மத்திய அரசு ஏலத்துக்கு விட்டது, குமரி மாவட்ட மீனவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். சுற்றுச்சூழல் அனுமதி விதிகளுக்கு 2020 ஜனவரியில் வந்த திருத்தத்தின்படி, தோண்டிப் பார்க்கும் கட்டத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டிய அவசியமும் இல்லை. இதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார், "சிலோன்காரனுக்குக் கடுதாசி போட்டானா? எந்த வருசம்ன?"

1976 என்றேன்.

"அந்த வருசம் நான் கடலுக்குள்ளதான் கெடந்தேன், மருமவனே. எனக்கு ஒரு கடுதாசியும் வரல."